கெட்: ஒரு வார்த்தை, ஊர்ப்பட்ட கேள்வி

கே: சார், இங்கிலீஷ் கெட்டுக்கு (get) கரெக்டான தமிழ் அர்த்தம் என்ன?

ப: அப்படி ஒத்த அர்த்தம் கிடையாது, பின்னாடி என்ன ஒட்டுதோ அதைப் பொறுத்தது. கெட் எ லெட்டர்னா கிடைக்கிறது, கெட் வெட்னா நனையுறது, கெட் ஹோம்னா வீடு போய்ச் சேர்றது, ஜோக்கை கெட் பண்ணா புரியுறது.

கே: இது சுத்தமான இங்கிலீஷ் வார்த்தைதானே அண்ணா?

ப: இல்ல தம்பி, ஸ்காண்டிநேவியாவுலேருந்து வந்த கடல் கொள்ளைக்காரங்க, வைக்கிங்குங்க கொண்டாந்தது. 865ல பெரும்படையா இங்கிலாந்துல இறங்குனவங்க, கொள்ளையடிச்சது போதும்னு நிறைய பேர் வடக்கு, கிழக்குப் பக்கமா நிலத்தைப் புடிச்சு தங்கிட்டாங்க, அவங்க பேசுன பழைய நார்ஸ்ல இது கெட்டா. இங்கிலீஷ்காரங்ககிட்டயும் இதோட பங்காளிச் சொல் இருந்துச்சு, ஆனா பெரும்பாலும் ஃபர்கெட், பிகெட் மாதிரி ஒட்டிக்கிட்டுத்தான், அதுலயும் 'கெ' இல்ல, 'யெ'ன்னு சொன்னாங்க. ஜெர்மன்ல கெல்ப்னா இங்கிலீஷ்ல யெல்லோ, அதே கதை. அதனால கெட், கிவ் எல்லாத்துலயும் அந்த அழுத்தமான க வந்தது நார்ஸ் சகவாசம்.

முட்டையும் அப்படித்தான். இங்கிலாந்துல தெற்கத்தி ஆளுங்க முட்டையை ஐரன்னு சொல்வாங்க, எக்ங்கிறது நார்ஸ். வடக்கத்தி வியாபாரி ஒருத்தர் தெற்குல இருக்குற கென்ட் பக்கம் ஒரு அம்மாகிட்ட எக்ஸ் கேக்க, எனக்கு பிரெஞ்சு தெரியாதுப்பான்னு அந்தம்மா சொல்லிடுச்சாம், எனக்கும்தான் தெரியாதுன்னு இவருக்குக் கோவம்! அச்சுக்கூடம் வச்சிருந்த காக்ஸ்டன் 1490ல ஒரு முன்னுரையில எழுதி வச்சிருக்காரு.

கே: கிட்டுதல்தான் கெட் ஆச்சு. மலையாளத்துல இன்னிக்கும் கிட்டி கிட்டிம்பாங்க. மறுக்க முடியுமா?

ப: முடியும். இன்னிக்கு இருக்குற ஒலியை வச்சு சொந்தம் கொண்டாடாதீங்க, பழைய வடிவத்தைப் பாருங்க. லத்தீன்ல புடிக்கிறதுக்கு ப்ரெஹெண்டெரே, அதுல இருக்குற ஹெண்ட்தான் கெட்டோட கூடப்பொறந்தது. லத்தீன்ல ஹ இருக்குற இடத்துல இங்கிலீஷ்ல க வரும், கெஸ்ட்டுக்கு லத்தீன்ல ஹோஸ்டிஸ்ங்கிற மாதிரி. பின்னாடி போகப்போக கிட்டுலேருந்து விலகித்தான் போகுது.

கே: கெட் டவுன் ஃப்ரம் தி பஸ் தப்பா?

ப: இங்கிலாந்துல கெட் ஆஃப்னு சொல்வாங்க. நம்ம "இறங்கு" உள்ள புகுந்துருச்சு. கண்டக்டருக்குப் புரியும், விடுங்க.

கே: வெள்ளைக்காரன் எழுதுனா வேதம், தமிழ்னா இளப்பமா? (கிட்டுதல் கேட்டவன்தான்)

ப: கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி எல்லாம் இங்கேருந்து இங்கிலீஷுக்குப் போன சொல்லுதான், எப்படி கப்பல் ஏறுச்சுன்னு காட்டலாம். கெட்டுக்கு அப்படி ஒரு பாதை காட்டுங்க. ஹேவுக்கும் லத்தீன் ஹாபெரேக்கும் ஒலியும் ஒண்ணு, அர்த்தமும் ஒண்ணு, ஆனா சொந்தமே இல்ல! ஹேவோட நெஜ சொந்தம் லத்தீன்ல புடிக்கிறதுக்குச் சொல்ற இன்னொரு சொல், காபெரே. ஆஸ்திரேலியாவுல ம்பபரம்னு ஒரு பழங்குடி மொழி இருந்துச்சு, அதுல நாய்க்கு டாக்னுதான் பேரு, அதுவும் தற்செயல்தான். திரும்பத் திரும்ப சொல்றேன், ஒலி ஏமாத்தும்.

கே: காட் (got) இருக்குற இடத்துல காட்டன்னு (gotten) எழுதலாமா?

ப: அமெரிக்காவுல தாராளமா. இங்கிலாந்துலேருந்து போன பழசுதான், இங்கிலாந்துல வழக்கொழிஞ்சு அமெரிக்காவுல நின்னுச்சு.

கே: ஐஈஎல்டிஎஸ் இங்கிலீஷ் பரீட்சையில கெட் போட்டா மார்க் குறையுமா?

ப: கோச்சிங் எடுக்குறவங்கள கேளுங்க.

கே: சார், கெட் தமிழ் மீனிங்?

ப: முதல் கேள்வி.

கே: அப்ப கேட்டு வாங்குறதுலேருந்து கெட் வந்திருக்குமோ?

ப: ஐயா சாமி.