கோவையிலிருந்து போய்த் திராட்சைத் தோட்டம் சுற்றிப் பார்த்து, ஒயின் சுவைத்து வருவது பயணத்துக்குத் தகுந்ததா?

தகும். ஆனால் குடிப்பதற்காக மட்டும் போனால் பாதி வீண். கொடியைப் பார்ப்பதற்காகப் போங்கள்.

கொங்கு நாட்டுக்குள் இதைத் தேட வேண்டாம். தொண்டாமுத்தூர், நரசீபுரம் பக்கம் திராட்சை உண்டு. அது சாப்பிடும் பன்னீர் திராட்சை. மதுவின் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் வசம் இருக்கிறது. தோட்டத்திலேயே சுவைக்கத் தந்து விற்பது நம் பக்கம் வழக்கத்தில் இல்லை. அருகில் என்றால் பெங்களூருக்கு வடக்கே நந்தி மலை அடிவாரம்தான். 1988இல் தொடங்கிய குரோவர் தோட்டம் அங்கே இருக்கிறது. வழிகாட்டியோடு சுற்றிக் காட்டுகிறார்கள். மகாராஷ்டிரம் வரை போகிறவர்களுக்கு நாசிக்கில் சுலா என்ற ஒயின் தோட்டம் உண்டு.

முடிந்தால், கிளம்புவதற்கு முன் நம் ஊர்ப் பந்தல் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். என் அப்புச்சி நரசீபுரத்தில் திராட்சை வைத்திருந்தார். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேல் கொடி படர்ந்திருக்கும். குலைகள் கீழே தொங்கும். ஒயின் தோட்டத்தில் அந்தப் பந்தலே இல்லை. செங்குத்தாகக் கட்டிய கம்பிகளில் கொடிகள் நேர்வரிசையில் நிற்கின்றன. குலை இடுப்பு உயரத்தில், வெயிலும் காற்றும் படும்படி இருக்கிறது. பழம் சிறியது, தோல் தடிப்பு, விதை உண்டு. தின்று பார்த்தால் நம் பன்னீரை விட இனிக்கும். அந்தச் சர்க்கரைதான் நொதித்து ஆல்கஹாலாக மாறுகிறது. சிவப்பு ஒயினின் நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்து வருகின்றன.

எனக்கு அங்கே மிகவும் பிடித்தது கவாத்து, அதாவது கொடியை வெட்டிவிடுவது, பற்றிய பேச்சு. ஐரோப்பாவில் குளிர் வந்ததும் கொடி இலையுதிர்த்து உறங்கிவிடும். நம் மண்ணில் அது உறங்காது. ஆண்டு முழுவதும் தழைத்துக்கொண்டே இருக்கும். எனவே பருவத்தைக் கத்தரிதான் உண்டாக்க வேண்டும். ஏப்ரல் வாக்கில் ஒரு கவாத்து: அதில் வரும் கிளைகளைக் காய்க்க விடாமல் முதிரவிட்டு, பூமொட்டு கட்டச் செய்கிறார்கள். மழை ஓயும் நேரத்தில், செப்டம்பர் அல்லது அக்டோபரில் மறு கவாத்து. அதிலிருந்து வரும் காய், வறண்ட நாட்களில் பழுத்து பிப்ரவரி, மார்ச்சில் அறுவடைக்கு வருகிறது. இரண்டு கவாத்து, ஒரே அறுவடை. நம் பக்கத்துப் பன்னீர்த் தோட்டக்காரர் ஒவ்வொரு கவாத்துக்கும் ஒரு விளைச்சல் எடுப்பவர். அவரிடம் சொன்னால் நம்ப மாட்டார்!

என்னோடு வந்த அம்மா ஒரு சொட்டும் குடிக்கவில்லை. ஆனால் சாம்பல் நோய்க்கு என்ன தெளிக்கிறீர்கள், ஒரு கொடியில் எத்தனை குலை விடுவீர்கள் என்று அவர் கேட்கக் கேட்க வழிகாட்டிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "உங்களுக்குத் தோட்டம் இருக்கிறதா அம்மா?" என்று கேட்டு, எங்களை மறுபடியும் வரிசைக்குள் அழைத்துப் போனார். குடிக்காதவர்களைக் கூட்டிப்போகலாமா என்று தயங்குபவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ஆலைக்குள் துருப்பிடிக்காத எஃகுத் தொட்டிகளும் 225 லிட்டர் ஓக் பீப்பாய்களும் இருக்கும். வெள்ளை ஒயினுக்குச் சாற்றைப் பிழிந்து தோலை நீக்கிவிட்டு நொதிக்கவிடுகிறார்கள், சிவப்புக்குத் தோலோடு. இது தெரிந்தால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

சுவைக்கும்போது வெள்ளையில் தொடங்கிச் சிவப்பில் முடிப்பார்கள். கிளாஸைத் தண்டில் பிடித்து, லேசாகச் சுழற்றி, முதலில் முகருங்கள். பன்னீர் திராட்சை தின்று வளர்ந்தவருக்கு மஸ்கட் என்னும் திராட்சை வகையின் ரோஜா வாசனை உடனே பிடிபடும், ஏனென்றால் நம் பன்னீரும் மஸ்கட் குடும்பம்தான். சிவப்பு ஒயின் முதல் வாயில் கொட்டைப்பாக்கை மென்றதுபோல் ஈறில் பிடிக்கும். பாராட்ட வேண்டும் என்று கட்டாயமில்லை. துப்புவதற்கு வைத்திருக்கும் பாத்திரத்தைத் தயங்காமல் பயன்படுத்துங்கள், நான்கைந்து வகைகளின் வேறுபாடு அப்போதுதான் தெரியும். வெறும் வயிற்றில் போக வேண்டாம்.

பிப்ரவரியில் ஒரு வார நாளைத் தேர்ந்தெடுத்து, முன்பதிவு செய்துகொண்டு, வயதுச் சான்றோடு போங்கள். சனி, ஞாயிறு கூட்டத்தில் வழிகாட்டியிடம் நின்று பேச முடியாது. காரில் போவதானால் குடிக்காத ஒருவர் ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் பெங்களூர் வரை ரயிலில் போய், அங்கிருந்து வாடகைக் கார் வைத்துக்கொள்ளுங்கள்.