படகில் இரண்டு பற்றரி: காசை எதில் போடுவது?

கேள்வி: சிம்கோ ஏரியில் ஓட்டுவதற்காகப் பாவித்த 19 அடிப் படகு ஒன்று வாங்கினோம். பின்னால் 115 குதிரைவலு மோட்டர், இரண்டு பற்றரி, 'ஓஃப், 1, போத், 2' என்று நான்கு நிலை உள்ள வட்டச் சுவிட்ச். "போத்திலேயே விடுங்கள், ஒரு பிரச்சினையும் வராது" என்று விற்றவர் சொன்னார். அப்படியேதான் வார இறுதிகளில் ஓடினோம். போன ஞாயிறு நங்கூரம் போட்டுவிட்டு ஆறு மணித்தியாலம் பாட்டும் குளிர்பெட்டியும் போட்டிருந்தோம். திரும்பலாம் என்று திறப்பைத் திருகினால் 'டிக், டிக்' சத்தம் மட்டும்தான். வேறொரு படகு கட்டியிழுத்து வந்தது. கடையில் கேட்டால், இரண்டையும் எறிந்துவிட்டுப் பெரிய ஏஜிஎம் பற்றரி (அமிலம் கண்ணாடிநார்ப் பாயில் ஊறி நிற்கும் மூடிய ஈயப் பற்றரி) இரண்டு போடச் சொல்கிறார்கள். போடத்தான் வேண்டுமா? (ஸ்காபரோ)

பதில்: அவசரப்படாதீர்கள். போத் என்றால் இரண்டும் சேர்ந்து ஒரே பற்றரி. ஒன்று தீர்ந்தாலும் மற்றது மோட்டரைக் கிளப்ப வேண்டும் என்பதற்காகத்தான் இரண்டாவதை வைக்கிறோம். நங்கூரம் போட்ட பிறகும் போத்தில் விட்டால் அதை வைத்ததில் பயனே இல்லை.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய சந்தேகம் வேறொன்று. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பாட்டுக்கு 4 அம்பியர், குளிர்பெட்டிக்குச் சராசரி 3, மீன் காட்டும் கருவிக்கு 1 என்று வைத்தாலும் மொத்தம் 8 அம்பியர்தான். ஆறு மணித்தியாலத்துக்கு 48 அம்பியர் மணி (அம்பியரை மணித்தியாலத்தால் பெருக்கிய அளவு). இந்த அளவுப் படகில் இருக்கும் பற்றரி ஒவ்வொன்றும் 80, 90 அம்பியர் மணி பிடிக்கும். இரண்டும் நிரம்பியிருந்தால் மாலையில் மோட்டர் கிளம்பியிருக்க வேண்டும். ஆகவே காலையில் கரையை விட்டுப் போகும்போதே அவை பாதிதான் இருந்திருக்கும்.

ஏன் என்றால், வீட்டில் சார்ஜ் போட்டதாக நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. மோட்டர் ஓடினால் பற்றரி நிரம்பிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 115 குதிரைவலு மோட்டரின் அல்ரனேற்றர் (மோட்டர் ஓடும்போது மின்சாரம் தரும் பாகம்) நல்ல வேகத்தில் ஓடும்போது 25 முதல் 35 அம்பியர் தரலாம். மெதுவாக ஓடினால் வெகு குறைவு. அதிலும் ஒரு பங்கை மோட்டரே எடுத்துக்கொள்ளும். அரை மணித்தியாலம் ஓடிக் கரை சேர்ந்தால் பற்றரிக்குப் போய்ச் சேருவது 10 அம்பியர் மணி அளவுதான். செலவு 48, வரவு 10. அப்புறம், ஈயப் பற்றரியின் கடைசி 20 சதவீதம் மிக மெதுவாகத்தான் ஏறும். அதற்கு மட்டும் சில மணித்தியாலம் வேண்டும். பாதி நிரம்பிய நிலையில் வாரக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேற் படிந்து இறுகிவிடும், கொள்ளளவும் குறைந்துகொண்டே போகும். கடைக்காரர் சொல்லும் பெரிய ஏஜிஎம்முக்கும் அடுத்த வருடம் இதே கதிதான்.

முதலில் இருக்கும் பற்றரிகளைச் சோதியுங்கள். இரண்டையும் வயரிலிருந்து கழற்றித் தனித்தனியாக முழுச் சார்ஜ் ஏற்றி, ஒரு இரவு சும்மா விட்டு, மல்ரிமீற்றரால் பாருங்கள். 12.6 வோல்ற் அல்லது அதற்கு மேல் நின்றால் நல்லது. 12.4-க்குக் கீழே இறங்கினால் சந்தேகம்தான். பிறகு உதிரிப்பாகக் கடையில் சுமை கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். பல இடங்களில் காசு வாங்காமலே செய்து தருவார்கள். அதில் தோற்றதை மட்டும் மாற்றினால் போதும்.

அடுத்தது சார்ஜர். படகிலேயே பொருத்தும், இரண்டு பற்றரிக்குமான ஒரே சார்ஜர், ஒவ்வொன்றுக்கும் 10 அம்பியர் தருவது, ஏறத்தாழ ஒரு நல்ல பற்றரியின் விலைக்கு வரும். முற்றத்தில் படகு நிற்கும்போது வீட்டு மின்சாரத்தில் சொருகிவிட்டால் அடுத்த சனிக்கிழமைக்குள் இரண்டும் நிரம்பியிருக்கும். உங்கள் காசு முதலில் போக வேண்டிய இடம் இதுதான். கடைக்காரர் இதை ஏன் சொல்லவில்லை என்று என்னிடம் கேட்காதீர்கள்.

சுவிட்சைப் பாவிக்கும் முறை இது: 1-இல் வைத்து மோட்டரைக் கிளப்புங்கள். ஓடும்போது போத்தில் விட்டால் இரண்டும் சார்ஜ் ஆகும். நங்கூரம் போட்டதும் 2. திரும்பும்போது மறுபடி 1. மோட்டர் ஓடிக்கொண்டிருக்கையில் மட்டும் ஓஃப் பக்கம் போகவே கூடாது. அல்ரனேற்றருக்குப் பற்றரி சட்டென்று இல்லாமல் போனால் மின்னழுத்தம் எகிறி அதன் டயோட்டுகள் (மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் பாகங்கள்) எரிந்துவிடும்.

நண்பர்கள், பிள்ளைகள், சாப்பாடு என்று இருக்கும் படகில் இதை ஒவ்வொரு தடவையும் யார் நினைவில் வைத்திருப்பார்கள்? ஆகவே மின்னழுத்தம் பார்த்துத் தானாக வேலை செய்யும் ரிலே ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். மோட்டர் ஓடி முதல் பற்றரி 13.3 வோல்ற்றுக்கு அருகே வந்ததும் இரண்டையும் இணைக்கும். மோட்டர் நின்று 12.8 அளவுக்கு இறங்கியதும் பிரித்துவிடும். சார்ஜரைவிட விலை குறைவு. டயோட் வைத்த பழைய வகைப் பிரிப்பான் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். வழியிலேயே 0.6 வோல்ற் போய்விடும், பற்றரி ஒருநாளும் நிரம்பாது.

ஒருவேளை பற்றரி வாங்கியே ஆக வேண்டும் என்றால், கிளப்புவதற்கு 'மரீன் ஸ்ரார்டிங்', பாட்டுக்கும் பெட்டிக்கும் 'டீப் சைக்கிள்'. முதலாவதில் மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும், சில விநாடிக்குப் பெரிய மின்னோட்டம் தரும். ஆழமாக வடித்தால் சீக்கிரம் செத்துப்போகும். இரண்டாவதில் தகடு தடிப்பு, பாதி வரை வடித்தாலும் தாங்கும். விளம்பரத்தில் எம்சிஏ என்ற எண் (கிளப்பும்போது தரக்கூடிய மின்னோட்டம்) பெரிதாகத் தெரியும். அது 0 பாகை செல்சியஸில் அளந்தது. சிசிஏ அதையே −18 பாகையில் அளந்தது, அதனால் சிறியதாக இருக்கும். இரண்டு பற்றரியை ஒப்பிடும்போது ஒரே எண்ணை ஒப்பிடுங்கள். உற்பத்தித் திகதியையும் பாருங்கள், தட்டில் பல மாதம் கிடந்த பற்றரி வேண்டாம். பழையதைக் கையோடு கொண்டுபோனால், அதற்காகக் கடையில் வாங்கும் வைப்புக் காசும் மிச்சம்.

கேள்வி: இரண்டாவது பற்றரியை மட்டும் லித்தியமாக மாற்றினால் என்ன? பாரம் பாதிதானே. (பிராம்ப்டன்)

பதில்: பாரம் குறையும், கொள்ளளவில் பெரும்பகுதியையும் பயமில்லாமல் பாவிக்கலாம். ஆனால் ஈயப் பற்றரியோடு அதே சுவிட்சிலோ ரிலேயிலோ நேரடியாகச் சேர்க்க வேண்டாம். லித்தியம் கிடைக்கும் மின்னோட்டத்தை எல்லாம் இழுக்கும், சிறிய அல்ரனேற்றர் சூடேறி எரியலாம். நடுவில் டிசி-டிசி சார்ஜர் (மின்னோட்டத்தை அளவாக விட்டு லித்தியத்தை ஏற்றும் கருவி) ஒன்று கட்டாயம். அதையும் சேர்த்து விலையைக் கூட்டிப் பாருங்கள். கோடையில் சில வார இறுதிகள் மட்டும் போகும் படகுக்கு இது தேவையில்லை என்பது என் கருத்து. மின்சாரத் துடுப்பு மோட்டர் வைத்து நாள் முழுக்க மீன் பிடிப்பவர் என்றால் யோசிக்கலாம்.

கேள்வி: கரையில் கட்டிவிட்டு வரும்போது சுவிட்சை ஓஃப் செய்தால் தண்ணீர் இறைக்கும் பம்ப் நின்றுவிடாதா? (மார்க்கம்)

பதில்: சரியாக வயர் போட்டிருந்தால் நிற்காது. மிதவைச் சுவிட்சுடன் வரும் பம்பின் வயர், வட்டச் சுவிட்சைத் தொடாமல் பியூஸ் வழியாக நேரே பற்றரிக்குப் போக வேண்டும். ஓஃப் செய்துவிட்டு மிதவையைக் கையால் தூக்கிப் பாருங்கள். பம்ப் ஓடவில்லை என்றால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பியூஸ் பற்றரிக்குப் பக்கத்திலேயே, 7 அங்குலத்துக்குள், இருக்கட்டும்.

கேள்வி: குளிர்காலத்தில் பற்றரியைக் கராச்சின் கொங்கிறீற் தரையில் வைத்தால் சார்ஜ் வடிந்துவிடும் என்கிறார்களே? (அஜாக்ஸ்)

பதில்: மரப்பெட்டியிலும் கடின றப்பரிலும் பற்றரி செய்த காலத்துப் பேச்சு அது. இப்போதைய பிளாஸ்ரிக் பெட்டிக்கு அந்தப் பயம் இல்லை. பயப்பட வேண்டியது உறைவதற்குத்தான். வெறுமையான ஈயப் பற்றரி −10 பாகைக்கு அருகிலேயே உறைந்து வெடிக்கலாம். முழுதாக நிரம்பியது −50-க்கும் கீழே வரை தாங்கும். முழுச் சார்ஜ் ஏற்றி, மறைப் பக்க வயரை முதலில் கழற்றி, பிறகு நேர்ப் பக்கத்தைக் கழற்றி வையுங்கள். மாதம் ஒரு தடவை வோல்ற் பாருங்கள், 12.4-க்கு இறங்கினால் மறுபடி ஏற்றுங்கள். லித்தியம் வைத்திருப்பவர்கள் அதை வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். 0 பாகைக்குக் கீழே அதற்குச் சார்ஜ் போடக் கூடாது.