240 வாட்டில் எந்தக் கிராபிக்ஸ் கார்டு?

கேள்வி: அலுவலகத்தில் கழித்த பழைய டவர் கணினி ஒன்றை வாங்கியிருக்கிறேன். ஐ5 8400 பிராசஸர், 16 ஜிபி ரேம், 240 வாட் பவர் சப்ளை. 1080பி மானிட்டரில் வாலரன்ட், ஜிடிஏ 5 விளையாட வேண்டும். இணையத்தில் 'ஆர்எக்ஸ் 580 8 ஜிபி' மலிவாகக் கிடைக்கிறது; நண்பரோ ஆர்டிஎக்ஸ் 3050 வாங்கச் சொல்கிறார். எதை வாங்கலாம்?
– கோவை வாசகர்

பதில்: நீங்கள் குறிப்பிட்ட 240 வாட்டிலேயே பாதி விடை இருக்கிறது. ஆர்எக்ஸ் 580 தனியாகவே 185 வாட் வரை இழுக்கும். பிராசஸருக்கான 65 வாட்டையும் சேர்த்தால் உங்கள் பவர் சப்ளை தாங்காது, கார்டுக்கு வேண்டிய 8 பின் கேபிளும் அதில் அநேகமாக இருக்காது. போதாததற்கு, மலிவாக விற்கப்படும் 580களில் பல '2048எஸ்பி' என்ற வாலுடன் வருபவை. 2017இல் வெளியான அசல் 580இல் 2304 ஸ்ட்ரீம் பிராசஸர்கள் (காட்சிகளைக் கணக்கிடும் நுண் அலகுகள்) உண்டு. 2048எஸ்பியில் 2048 மட்டுமே, அதாவது ஒரு படி கீழான ஆர்எக்ஸ் 570க்குத்தான் 580 என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். அதை விட்டுவிடுங்கள்.

நண்பர் சொன்னது சரி. ஆனால் எந்த 3050 என்பதை அவர் சொல்லவில்லை. 2022இல் வந்த 8 ஜிபி கார்டு 130 வாட் எடுத்துக்கொள்ளும், தனி மின் இணைப்பும் கேட்கும். 2024இல் வந்த 6 ஜிபி கார்டோ 70 வாட்டில் இயங்குவதால், கார்டைச் செருகும் மதர்போர்டு ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு கார்டுகளை விற்பது வாங்குபவரை ஏய்ப்பதற்குச் சமம் என்றே நான் கருதுகிறேன். இருந்தாலும், வேகம் குறைந்த இந்த 6 ஜிபி கார்டுதான் உங்கள் கணினிக்குப் பொருந்தும். மின் இணைப்பு கேட்காத மாடல்தானா என்று பார்த்து, கேபினட்டின் உள்ளளவையும் அளந்துகொண்டு வாங்குங்கள்.

பவர் சப்ளையை 450 வாட்டுக்கு மாற்ற முடியுமானால் ஆர்எக்ஸ் 6600 கணிசமாக வேகமானது. ஆனால் அலுவலகக் கணினிகள் பலவற்றின் மதர்போர்டில் கடையில் வாங்கும் பவர் சப்ளையைப் பொருத்துவதற்கான வழக்கமான 24 பின் இணைப்பு இருப்பதில்லை என்பதால், மூடியைத் திறந்து பார்த்த பிறகே பணத்தை எடுங்கள். பெயரில் அதன் தம்பி போலத் தோன்றும் 6500 எக்ஸ்டி வேண்டாம்: 4 ஜிபி நினைவகமும் நான்கே லேன்களும் (மதர்போர்டுடன் தரவு பரிமாறும் பாதைகள்) கொண்ட அந்தக் கார்டு, உங்களிடமுள்ள பழைய தலைமுறை பிசிஐஇ 3.0 ஸ்லாட் கொண்ட போர்டில் மேலும் திணறும்.

வாலரன்ட் பெரும்பாலும் பிராசஸரையும் ரேமையும் நம்பி ஓடும் விளையாட்டு. இரண்டு ஸ்டிக்குகள் சேர்ந்து இயங்கினால் ரேமின் வேகம் கூடும் என்பதால், உங்கள் 16 ஜிபி ஒரே ஸ்டிக்காக இருந்தால், அதை இரண்டு 8 ஜிபி ஸ்டிக்குகளாக மாற்றிக்கொள்ளுங்கள்.