முதலில் அட்ரினல், அப்புறம்தான் தைராய்டு

கேள்வி: வயது 39. ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் அலுவலகத்தில் வேலை. சிறுநீரகக் கல்லுக்காகச் சேலத்தில் ஸ்கேன் எடுத்தபோது, வலது சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பியில் 3 செ.மீ. கட்டி தெரிந்தது. கழுத்தில் தைராய்டு கட்டியும் உண்டு. அடுத்த மாதம் ஆபரேஷன். அவ்வப்போது படபடப்பு, தலைவலி, வியர்வை. அந்த நேரம் பி.பி. 190 வரை ஏறி, தானே இறங்குகிறது. முடி கொட்டுகிறது. இரண்டு கிலோ எடை கூடிவிட்டது. காபியை விட்டுவிட்டேன். படபடப்பு வந்தால் மெடிக்கலில் வாங்கிய ப்ரோப்ரனோலால் ஒன்று போடுகிறேன். அத்தைக்குத் தைராய்டு புற்றுநோய் இருந்தது. எனக்கும் புற்றுநோய் வந்து பரவிவிட்டதா? நெட்டில் ஆறு மாதம்தான் என்று போட்டிருக்கிறது.

பதில்: அட்ரினலில் கட்டி என்றாலே பரவிவிட்டது என்று அர்த்தமில்லை. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தட்டுப்படும் அட்ரினல் கட்டிகளில் பெரும்பாலானவை சாதுவானவை. ஆறு மாதக் கணக்கு போட்டவர் உங்கள் ஸ்கேனைப் பார்த்தாரா? அதை மூடி வையுங்கள்.

முடியையும் இரண்டு கிலோவையும் இப்போதைக்கு விடுங்கள். காபியையும் குடியுங்கள், எஸ்டேட்டில் இருந்துகொண்டு அந்தத் தண்டனை எதற்கு? பரிசோதனைக்கு முன் லேப் நிறுத்தச் சொன்னால் மட்டும் நிறுத்தினால் போதும்.

எனக்குக் கவலை அந்த வியர்வைதான். சேலத்து வெயிலில் வியர்த்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஏற்காட்டுக் குளிரில் தலைவலி, படபடப்போடு வியர்த்து, பி.பி. 190 போய் இறங்குகிறது என்றால், ஃபியோக்ரோமோசைட்டோமா என்ற அபூர்வக் கட்டியைச் சந்தேகித்தே ஆக வேண்டும். அட்ரினலின் வகை ஹார்மோன்களை நினைத்த நேரத்தில் ரத்தத்தில் கொட்டும் கட்டி இது. பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. ஆனால் இருப்பது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால், மேஜையிலேயே பி.பி. எகிறி உயிருக்கே ஆபத்தாகலாம்.

அதனால் தைராய்டு ஆபரேஷன் தேதியைத் தள்ளிவையுங்கள். சர்ஜனிடம் இந்த ஸ்கேனைக் காட்டினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த ஹார்மோன்கள் சிதைந்து உண்டாகும் மெட்டாநெஃப்ரின் எவ்வளவு என்று ரத்தத்திலோ 24 மணி நேரச் சிறுநீரிலோ பார்க்க வேண்டும். சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் லேபில் சொல்லுங்கள். பாராசிட்டமால்கூடச் சில முறைகளில் முடிவைக் குழப்பும்.

ப்ரோப்ரனோலால் இனி ஒன்றுகூட வேண்டாம். இந்தக் கட்டி இருந்தால், ரத்தக் குழாயைத் தளர்த்தும் ஆல்ஃபா பிளாக்கர் மருந்தை முதலில் கொடுக்காமல் இதை மட்டும் போடுவது பி.பி.யை இன்னும் ஏற்றிவிடும். மெடிக்கல் ஷாப்காரருக்கு இது தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. கவுண்டரில் நின்று கேட்ட உங்களைத்தான் சொல்ல வேண்டும். மூக்கடைப்புக்கான சளி மாத்திரையும் வேண்டாம், அதுவும் பி.பி.யை ஏற்றலாம்.

கல், தைராய்டு, அட்ரினல் மூன்றையும் தனித்தனி நோயாக எழுதியிருக்கிறீர்கள். அத்தையின் கதையையும் சேர்த்தால், ஒரே வேராக இருக்கலாம். ரெட் என்ற மரபணுவில் கோளாறு இருந்தால், மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய், அட்ரினல் கட்டி, தைராய்டை ஒட்டியுள்ள பாராதைராய்டு என்ற சின்னச் சுரப்பிகள் கால்சியத்தை ஏற்றிக் கல் உண்டாக்கும் கோளாறு மூன்றும் ஒருவருக்கே வரலாம். ரத்தத்தில் கால்சிடோனின் (மெடுல்லரி வகைப் புற்றுநோயில் ஏறும் ஹார்மோன்), கால்சியம் பார்த்தால் துப்புக் கிடைக்கும். அத்தைக்கு எந்த வகை என்று பழைய ரிப்போர்ட்டைத் தேடச் சொல்லுங்கள். உங்களுக்கு மரபணுக் கோளாறு உறுதியானால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போயிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவர்களையும் பரிசோதிக்க வேண்டும்.

ஃபியோ என்று உறுதியானால், ஒன்றிரண்டு வாரம் ஆல்ஃபா பிளாக்கர் கொடுத்துத் தயார் செய்து, அட்ரினல் கட்டியை முதலில் எடுப்பார்கள். தைராய்டு அதற்கப்புறம். அதுவரை அந்தப் படபடப்போடு நெஞ்சுவலியோ மண்டை பிளக்கும் வலியோ வந்தால், இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் போய்ச் சேரலாம் என்று கிளம்பாதீர்கள். மலையிலேயே உள்ள மருத்துவமனையில் முதலில் பி.பி. பார்த்து, ஸ்கேன் பேப்பரைக் கையில் கொடுங்கள்.