பத்து வீதம் என்பது சின்ன அளவா?

கேள்வி: கனடாவிலிருந்து வந்த அண்ணா ஒரு வேப் (மின்சிகரெட்) கருவியும், கலக்காத நிக்கோட்டின் போத்தல் ஒன்றும் தந்துவிட்டுப் போனார். போத்தலில் 10 வீதம் என்று இருந்தது. பியரைவிடக் கொஞ்சம்தானே கூட என்று நினைத்து, 15 மில்லிலீற்றரை அதேயளவு கிளிசரினோடு கலந்தேன். கலக்கும்போது தொடையில் கொஞ்சம் சிந்தியது, சாரத்தால் துடைத்துவிட்டேன். ஐந்தாறு இழுவைதான் இழுத்திருப்பேன். அரை மணித்தியாலத்தில் எச்சில் ஊறி, வேர்த்து, இரண்டு தரம் சத்தி. விடியச் சரியாகிவிட்டது. எத்தனை துளி விட்டால் சரி? வயது 29, 11 வருடமாகச் சிகரெட் பழக்கம். வீட்டில் 2 வயது மகள் இருக்கிறாள். (வாசகர், புதுக்குடியிருப்பு)

பதில்: தம்பி, முதலில் அந்தச் சாரத்தைப் பற்றிப் பேசுவோம். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் கண்ணில் குத்தியது. நிக்கோட்டின் தோல் வழியாக நன்றாக உள்ளே போகும். பனி ஈரத்தோடு புகையிலை முறிக்கிறவர்களுக்குத் தலைச்சுற்றும் சத்தியும் வருவது இதனால்தான். ஒரு சுருட்டுக்கூடப் பிடிக்காதவருக்கும் வரும். நீங்கள் துடைத்த சாரத்தையே கட்டிக்கொண்டு இருந்திருந்தால், மருந்து ஊறிய பிளாஸ்ரரைத் தொடையில் ஒட்டிக்கொண்டு இருந்ததுபோலத்தான். இழுத்தது பாதி, தோலால் போனது பாதி என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது, இரண்டும் சேர்ந்திருக்கும். இரத்தத்தில் நிக்கோட்டின் ஏறத்தாழ 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். விடியச் சுகமானதும் அதனால்தான்.

இனி அந்த 10 வீதம். 100 மில்லிலீற்றரில் 10 கிராம், அதாவது ஒரு மில்லிலீற்றரில் 100 மில்லிகிராம். ஒரு சிகரெட் உடம்புக்குள் விடுவது 1 முதல் 2 மில்லிகிராம் அளவில்தான். அற்ககோலை உடம்பு கிராம் கணக்கில் தாங்கும், நிக்கோட்டினை மில்லிகிராம் கணக்கில்தான் தாங்கும். பியரோடு ஒப்பிட்டது அங்கேதான் பிழைத்தது. பாதிக்குப் பாதி கலந்தபோது உங்களிடம் வந்தது மில்லிலீற்றருக்கு 50 மில்லிகிராம். இங்கிலாந்திலும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் கடைத் திரவத்துக்கு உச்சம் 20. அண்ணாவின் கனடாவிலும் 2021 முதல் அதே 20தான்.

துளிக் கணக்குக் கேட்டீர்கள். துளிக்கு ஒரே அளவு கிடையாது. போத்தல் வாயைப் பொறுத்தும் திரவத்தின் தடிப்பைப் பொறுத்தும் அது மாறும். கணக்குப் போடுவது இப்படி: வேண்டிய செறிவை வேண்டிய அளவால் பெருக்கி, போத்தலின் செறிவால் பிரிக்க வேண்டும். 6 மில்லிகிராம் செறிவில் 30 மில்லிலீற்றர் என்றால் 180ஐ 100ஆல் பிரிக்க 1.8 மில்லிலீற்றர். நீங்கள் விட்டது 15! வயலுக்கு மருந்தடிக்கும்போது டாங்கிக்கு இத்தனை மூடி என்று பார்த்துப் பார்த்து ஊற்றுகிற ஆள், தன் நெஞ்சுக்குள் இழுப்பதை இப்படி ஊற்றலாமா?

சரி, கணக்குத் தெரிந்துவிட்டது என்று மறுபடி கலக்க உட்காராதீர்கள். போத்தலில் எழுதியிருப்பது உண்மையா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தசமப் புள்ளி ஓரிடம் தள்ளினால் பத்து மடங்கு. கிளிசரின் தடிப்பானது, சரியாகக் கலக்காவிட்டால் ஒரு பக்கம் கடுமையாகவே நிற்கும். வாசத்துக்கென்று கேக் எசன்ஸ், தேங்காயெண்ணெய் எதையாவது சேர்க்கிற யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். எண்ணெய் நுரையீரலுக்குப் போகிற சாமான் அல்ல. 2019இல் அமெரிக்காவில் வேப் இழுத்த ஆயிரக்கணக்கானோர் நுரையீரல் பாதிப்போடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பெரும்பாலும் கஞ்சாச் சத்துக் கலந்த திரவங்களில் சேர்த்திருந்த விற்றமின் ஈ அசிற்றேற்று என்ற எண்ணெய்ப் பொருள்தான் முக்கிய காரணமாகப் பிடிபட்டது.

என் பெரிய பயம் உங்கள் மகளைப் பற்றியது. சோடாப் போத்தலில் ஊற்றி வைத்த கிருமிநாசினியைக் குடித்த பிள்ளைகளை வன்னியில் வேலை செய்த எந்த வைத்தியரும் மறந்திருக்க மாட்டார். இதுவும் தண்ணீர் நிறம்தான். ஒரு தேக்கரண்டியில் 500 மில்லிகிராம் இருக்கிறது. வளர்ந்தவரைக் கொல்ல 60 மில்லிகிராம் போதும் என்று புத்தகங்கள் நெடுங்காலம் எழுதின. 2014இல் ஆஸ்திரியாவின் மருந்தியல் ஆய்வாளர் பேர்ன்ட் மேயர் அதன் மூலத்தைத் தேடிப் பார்த்து, 500க்கு மேல் வேண்டும் என்று காட்டினார். பெரியவர்களுக்கு அது ஆறுதலாக இருக்கலாம். பன்னிரண்டு கிலோப் பிள்ளைக்கு இரண்டு எண்ணுமே ஆறுதல் இல்லை.

போத்தலை வேறு எதற்குள்ளும் மாற்றாமல் பூட்டி வையுங்கள். கிணற்றடியில் ஊற்றாதீர்கள். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் கொடுத்து அழிக்க முடியுமா என்று கேளுங்கள். தோலில் பட்டால் உடுப்பைக் கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணித்தியாலம் கழுவ வேண்டும். பிள்ளை வாயில் வைத்துவிட்டால் சத்தி எடுக்க வைக்காதீர்கள், உடனே 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுங்கள். சத்தி, எச்சில், வியர்வை முதலில் வரும். அப்புறம் சோர்வு, வலிப்பு, மூச்சுத் திணறல். அதுவரை காத்திருக்கக் கூடாது.

சிகரெட்டை விடத்தான் இதெல்லாம் என்றால், நிக்கோட்டின் பிளாஸ்ரரும் சூயிங்கமும் இருக்கின்றன. எல்லாப் பாமசியிலும் கிடைக்காது, கேட்டுப் பார்க்க வேண்டும். 21 மில்லிகிராம் பிளாஸ்ரர் அந்த அளவை 24 மணித்தியாலத்தில் மெதுவாகக் கொடுக்கும். போகும் வழி உங்கள் சாரத்தின் வழியேதான், ஆனால் அளந்து போகும். கிளினிக்குக்கு வாருங்கள், ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்று பார்த்து முடிவெடுப்போம். அந்தச் சாரம் இன்னும் அழுக்குக் கூடையில் கிடந்தால், மகளின் உடுப்போடு போடாமல் தனியாகத் தோய்த்துவிடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு.