வாசகர் கேள்வி: மருந்து ஆலையும் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசியும்

மருந்து தயாரிப்புத் தொழிலில் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு பற்றி மதுரை வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புக்குள் போய்விட்டது. மாதச் சம்பளத்தில் இறப்புக்கு 50 சதவீதம், முழு ஊனத்துக்கு 60 சதவீதம் எடுத்து வயதுக் காரணியால் பெருக்கும் கணக்கு மாறவில்லை. பழைய பாலிசிப் படிவத்தில் பழைய சட்டத்தின் பெயர் மட்டும் இருந்தால், புதிய தொகுப்பையும் சேர்த்து எழுதித் தரும்படி கேளுங்கள்.

கப்பலூரில் மாத்திரை தயாரிக்கிறோம். 34 பேருக்கும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கட்டுகிறோம். அதன் பிறகும் இந்த பாலிசி எடுக்கச் சொல்கிறார் ஏஜென்ட். தேவையா?
– கப்பலூர் வாசகர்

இ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்குத் தேவையில்லை. வேலையில் அடிபட்டால் அவருக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் அளவுக்குத் தற்காலிக ஊன உதவி அங்கிருந்தே வரும். அதே காயத்துக்கு முதலாளியிடம் தனியாக இழப்பீடு கேட்கச் சட்டம் இடம் தரவில்லை. அவர்களுடைய சம்பளத்தையும் பாலிசிக் கணக்கில் சேர்த்தால் பிரீமியம் வீண்.

ஆனால் '34 பேருக்கும்' என்பதை ஒருமுறை சரிபாருங்கள். இ.எஸ்.ஐ. உச்சவரம்பு மாதம் 21,000 ரூபாய். புரொடக்ஷன் கெமிஸ்ட், க்யூ.சி. (தரக் கட்டுப்பாடு) பொறுப்பாளர், பாய்லர் ஆபரேட்டர், மூத்த எலக்ட்ரீஷியன் ஆகியோர் பெரும்பாலும் அந்த வரம்பைத் தாண்டியிருப்பார்கள். இயந்திரத்தைத் திறந்து உள்ளே கையை விடுகிறவர்களும், நீராவிக் குழாய் அருகே நிற்கிறவர்களும் அவர்கள்தான். பாலிசி அவர்களுக்காக எடுக்க வேண்டியது.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. ஜூனில் சம்பளம் கூட்டி 21,000-ஐத் தாண்டினாலும், அந்தப் பங்களிப்புக் காலம் முடியும் செப்டம்பர் 30 வரை அவர் இ.எஸ்.ஐ.யிலேயே இருப்பார். அக்டோபர் 1 அன்று வெளியே வந்துவிடுவார். ஏப்ரல் 1-க்கும் இதே கதைதான். பாலிசியோ ஜனவரியில் எடுத்ததாக இருக்கும், அதில் அவர் பெயரோ சம்பளமோ இருக்காது. ஏப்ரல் 1, அக்டோபர் 1 ஆகிய இரண்டு தேதிகளையும் காலண்டரில் வட்டமிட்டு, வெளியே வந்தவர்களைப் பாலிசியில் சேர்க்கும் எண்டார்ஸ்மென்ட் (பாலிசித் திருத்தம்) வாங்குங்கள்.

'பத்து நாள் வேலையைப் பார்த்துவிட்டு இ.எஸ்.ஐ. நம்பர் எடுக்கலாம்' என்று புது ஆளைப் பதியாமல் வைத்திருக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். அந்தப் பத்து நாளில் விபத்து நடந்தால், இ.எஸ்.ஐ. அவருக்குக் கொடுத்துவிட்டு அந்தத் தொகையை உங்களிடம் வசூலிக்க வரும்.

திருமங்கலம் பக்கம் சித்த மருந்து செய்கிறோம். 8 பேர்தான், இ.எஸ்.ஐ. கிடையாது. 18,000 ரூபாய் சம்பளம் தருகிறோம். பிரீமியம் குறையட்டும் என்று பாலிசியில் 10,000 என்று காட்டியிருக்கிறோம். பரவாயில்லையா?
– திருமங்கலம் வாசகர்

கூடாது. எவ்வளவு இழப்பு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இழப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளும் மாதச் சம்பள உச்சவரம்பு 2020 ஜனவரி 3 முதல் 15,000 ரூபாய். அதற்கு மேல் எவ்வளவு கொடுத்தாலும் 15,000 என்றே வைத்துக்கொள்வார்கள். 30 வயதுக்காரருக்கு வயதுக் காரணி (வயதுக்கேற்பச் சட்டம் தரும் பெருக்கெண்) 207.98. இறந்துபோனால் 15,000-இல் பாதி 7,500, அதை 207.98-ஆல் பெருக்கினால் 15,59,850 ரூபாய். நீங்கள் காட்டிய 10,000-ஐ வைத்துப் போட்டால் 10,39,900. விசாரணையில் வங்கிக் கணக்கு வெளியே வரும், உண்மைச் சம்பளத்துக்குத்தான் உத்தரவு வரும். காப்பீட்டு நிறுவனம் அறிவித்த சம்பளத்தோடு நின்றுகொள்ளும். மீதி 5,19,950 ரூபாய் உங்கள் கையிலிருந்து போக வேண்டும்.

ஆள் எண்ணிக்கையும் அப்படித்தான். 8 என்று காட்டிவிட்டு 12 பேர் வேலை செய்தால், விகிதப்படி குறைத்துத் தர நிறுவனத்துக்குக் காரணம் கிடைத்துவிடும். ஆண்டு தொடக்கத்தில் உத்தேசச் சம்பளத்தைக் காட்டி, ஆண்டு முடிந்து ஒரு மாதத்துக்குள் உண்மையில் கொடுத்த மொத்தச் சம்பளத்தை எழுதிக் கொடுப்பதுதான் முறை. கூடியிருந்தால் வித்தியாசத்தைக் கட்டலாம். அந்த அறிக்கையைக் கொடுக்காமல் விடுகிறவர்களே அதிகம்.

எட்டுப் பேர்தானே என்று இருக்க வேண்டாம். காப்பீடு எடுப்பது உங்கள் விருப்பம், இழப்பீடு கொடுப்பது சட்டம். அரசு அபாயத் தொழில் என்று அறிவிக்கும் வேலையில் ஒரே ஒருவர் இருந்தாலும் இ.எஸ்.ஐ. பொருந்தும்படி புதிய தொகுப்பில் வழி வைத்திருக்கிறார்கள். அறிவிப்புகளைக் கவனித்து வாருங்கள்.

பிளிஸ்டர் மெஷினில் (மாத்திரை அட்டை போடும் இயந்திரம்) 30 வயது டெக்னீஷியனுக்கு ஆள்காட்டி விரல் முழுதும் போய்விட்டது. சம்பளம் 24,000, இ.எஸ்.ஐ. இல்லை. பாதுகாப்புக் கார்டை (மூடியை) கழற்றியது அவர்தான். இழப்பீடு கொடுக்க வேண்டுமா?
– மேலூர் வாசகர்

பாதுகாப்புக் கார்டை வேண்டுமென்றே கழற்றினால் பொறுப்பில்லை என்று சட்டத்தில் ஒரு வரி உண்டு. இறப்புக்கும் முழு நிரந்தர ஊனத்துக்கும் அது பொருந்தாது. விரல் போனதற்குச் சொல்லிப் பார்க்கலாம். ஆனால் எதை வைத்து நிரூபிப்பீர்கள்?

பிளிஸ்டர் மெஷினின் சீலிங் ரோலர் பக்கத்துக் கதவைத் திறந்து பாருங்கள். கதவு மூடியிருப்பதை உணர்த்தும் லிமிட் சுவிட்சில் டேப் ஒட்டியிருக்கிறதா, ரப்பர் பேண்ட் சுற்றியிருக்கிறதா? ஃபாயில் சுருங்கும் ஒவ்வொரு தடவையும் மெஷினை நிறுத்தினால் ஷிப்ட் கணக்கு இடிக்கும் என்பதால், கதவு திறந்திருக்கும்போதே ஓடும்படி செய்து வைத்திருப்பார்கள். அந்த டேப் ஒரு வாரத்துப் பழையது என்றால் சூப்பர்வைசர் பார்த்திருப்பார். பார்த்தும் விட்டிருந்தால் 'அவராகக் கழற்றினார்' என்ற வாதம் நிற்காது. எழுத்துமூல உத்தரவு, அவருக்குப் புரியும் மொழியில் கொடுத்த பயிற்சி, அதில் அவர் கையெழுத்து ஆகிய மூன்றும் இல்லாமல் இந்த வாதத்தை எடுக்காதீர்கள். எங்கள் கருத்து, கொடுத்துவிடுவதே முறை.

தொகை: 15,000-இல் 60 சதவீதம் 9,000. அதை 207.98-ஆல் பெருக்கினால் 18,71,820. ஆள்காட்டி விரல் முழுவதும் இழந்தால் சட்டப் பட்டியலில் 14 சதவீதம். ஆக 2,62,055 ரூபாய். கட்டைவிரலாக இருந்தால் 30 சதவீதம். இதோடு மருத்துவச் செலவு முழுவதையும் ரசீதுப்படி கொடுக்க வேண்டும். இதற்குப் பாலிசியில் தனியாகக் கூடுதல் பிரீமியம் கட்டியிருந்தால்தான் நிறுவனம் தரும், அதுவும் ஒரு வரம்புக்குள். அந்த வரம்பைப் பாலிசி வாங்கும்போதே பாருங்கள். 25,000 ரூபாய் வரம்பு ஒரு கை அறுவைசிகிச்சைக்கு எந்த மூலைக்குக் காணும்?

உடனே செய்ய வேண்டியவை: மருத்துவமனையில் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டு நகல்) போடச் சொல்லுங்கள். 'வீட்டில் அடிபட்டது' என்று எழுத வைத்தால் பிறகு எந்தக் காப்பீடும் வராது, அந்தப் பையனின் உரிமையும் போகும். அன்றைக்கே காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாவிட்டால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும் தெரிவிக்க வேண்டும். வருகைப் பதிவேடு, சம்பளப் பதிவேடு, நியமன உத்தரவு, கேமரா பதிவு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

ரசம் (பாதரசம்), லிங்கம் (பாதரசத் தாது) வைத்துப் புடம் போடுகிறவருக்குக் கை நடுக்கம். இது விபத்தில்லையே, பாலிசி வருமா?
– உசிலம்பட்டி வாசகர்

பாதரச நச்சு தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. பட்டியலுக்கு ஏ, பி, சி என்று மூன்று பகுதிகள். பாதரசம், ஆர்செனிக் ஆகியவை பி பகுதியில் வருகின்றன. அந்த வேலையில் தொடர்ந்து 6 மாதம் இருந்தவருக்கு அந்த நோய் வந்தால், வேலையால் வந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பாரம் உங்களுடையது. வேலையை விட்டுப் போன பிறகும், 2 ஆண்டுக்குள் அறிகுறி வந்தால் அவர் கேட்கலாம்.

பாலிசிகள் இதில் ஒன்றுபோல் இல்லை. பழைய வார்த்தையமைப்பில் சி பகுதி நோய்கள் மட்டும் கூடுதல் பிரீமியத்தில் வரும். இப்போது சில நிறுவனங்கள் தொழில்நோய் முழுவதையுமே தனிச் சேர்க்கையாக வைத்துவிட்டன. சித்த மருந்துக்காரர்களுக்கு அந்தச் சேர்க்கை இல்லாத பாலிசி பாதி பாலிசிதான். பென்சிலின், செஃபலோஸ்போரின் போன்ற ஆன்டிபயாடிக் தூளோடு பழகுகிறவர்களுக்கும் இதையே சொல்வோம்: முதலில் தோல் அரிப்பு, பிறகு இழுப்பு, ஒருநாள் பவுடர் ரூமுக்குள் காலெடுத்து வைத்தாலே மூச்சு முட்டும் நிலை. இப்படி ஒவ்வாமை வந்தவரை அந்த அறையிலிருந்து மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை. மாஸ்க் மாற்றிப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

வேலைக்குச் சேரும் அன்றே சிறுநீரில் பாதரச அளவும் நுரையீரல் ஊதும் சோதனையும் எடுத்து வையுங்கள். ஆளைக் காப்பாற்றவும் அது உதவும், கணக்குத் தீர்க்கவும் உதவும். உங்கள் ஆளை முதலில் புடத்திலிருந்து விலக்கி மருத்துவரிடம் அனுப்புங்கள், பாலிசியை அப்புறம் பார்க்கலாம்.

வேலையில் இறந்தவரின் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் 5 லட்சம் கொடுத்து எழுதி வாங்கிவிட்டோம். இப்போது குடும்பத்தார் வழக்குப் போட்டிருக்கிறார்கள்.
– பெயர் வேண்டாம்

அந்தக் காகிதம் செல்லாது. சட்டம் தரும் உரிமையை விட்டுக்கொடுத்து எழுதிய எந்த ஒப்பந்தமும் செல்லாது. இறப்பு இழப்பீட்டைக் குடும்பத்தின் கையில் கொடுப்பதும் கணக்கில் வராது. இழப்பீட்டு அதிகாரியிடம் டெபாசிட் செய்ய வேண்டும், அவர்தான் மனைவி, குழந்தைகள், பெற்றோருக்குப் பிரிப்பார். கழித்துக்கொள்ள அனுமதி இருப்பது 3 மாதச் சம்பளத்துக்குச் சமமான முன்பணம் மட்டுமே. நீங்கள் 5 லட்சம் கொடுத்ததை அதிகாரியிடம் ஆதாரத்தோடு சொல்லுங்கள், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள்.

ஒரு மாதத்துக்குள் டெபாசிட் செய்யாவிட்டால் 12 சதவீதம் வட்டி. 15,59,850 ரூபாய்க்கு ஆண்டுக்கு 1,87,182. நியாயமான காரணமில்லாமல் தாமதித்தால் 50 சதவீதம் வரை அபராதமும் உண்டு. வட்டியையும் அபராதத்தையும் பெரும்பாலான பாலிசிகள் விலக்கியிருக்கும். உத்தரவை எதிர்த்து மதுரைக் கிளை உயர்நீதிமன்றத்துக்குப் போவதானாலும் முழுத் தொகையையும் முதலில் கட்டிவிட்டுத்தான் போக முடியும். நிறுவனத்தைக் கேட்காமல் பணம் கொடுத்ததால் அவர்களும் மறுக்கக்கூடும். இன்றே வழக்கறிஞரோடு போய்ப் பேசுங்கள்.

கிரானுலேஷனுக்கு (மருந்துத் தூளைத் துகளாக்கும் வேலை) ஐ.பி.ஏ. (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) பயன்படுத்துகிறோம். தீப்பிடித்துப் பலர் அடிபட்டால் பாலிசி முழுவதும் தாங்குமா?
– சிவகங்கை வாசகர்

'ஒரு விபத்துக்கு' என்று பாலிசியில் எழுதியிருக்கும் வரம்பைப் பாருங்கள். சட்டப்படியான இழப்பீட்டுக்கு வரம்பு வைக்காத பாலிசிகளிலும், சிவில் வழக்கில் வரும் பொறுப்புக்கு வரம்பு இருக்கும். 2024 ஆகஸ்ட் 21 அன்று ஆந்திராவின் அச்சுதாபுரத்தில் கசிந்த கரைப்பானின் ஆவி தீப்பற்றி 17 பேர் இறந்தார்கள். 2025 ஜூன் 30 அன்று தெலங்கானாவின் பாசமைலாரத்தில் மருந்துத் துணைப்பொருள் ஆலை வெடித்து 40-க்கும் மேற்பட்டோர் போனார்கள். உங்கள் ட்ரையர் அறையில் ஒரே ஷிப்டில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணி, அந்த எண்ணிக்கைக்கு வரம்பு கேளுங்கள். இந்தக் கணக்கில் ஒப்பந்தக்காரரின் ஆட்களும் சேர்த்தி. அவர்களுக்கு முதல் பொறுப்பு உங்களுடையது, பிறகு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். ஆனால் தனிச் சேர்க்கை இல்லாமல் பாலிசி அவர்களைத் தொடாது. லாரியில் டிரம் இறக்க வரும் சுமைப்பணியாளரையும் மறக்க வேண்டாம்.

ஐ.பி.ஏ.வின் பற்று வெப்பநிலை சுமார் 12 டிகிரி. மதுரை வெயிலில் எந்த நாளும் அது பற்றத் தயாராகவே இருக்கிறது. காற்றில் 2 சதவீத ஆவி இருந்தால் ஒரு பொறி போதும். எஃப்.பி.டி.யில் (துகள்களைக் காற்றில் மிதக்கவிட்டு உலர்த்தும் ட்ரையர்) அந்தப் பொறியைத் தருவது பெரும்பாலும் நிலைமின்சாரம். ஃபில்டர் பையைக் கழுவி மாட்டும்போது அதன் எர்த் கம்பியைக் கிளிப்பில் மாட்ட மறந்துவிடுகிறார்கள், அல்லது கிளிப் துருப்பிடித்துத் தொடாமல் நிற்கிறது. பேட்ச் ரெக்கார்டில் 'எர்த் சரிபார்த்தேன்' என்று ஒரு கட்டம் சேர்த்து, மல்டிமீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். வெடிப்பு அழுத்தத்தை வெளியேற்றும் மூடிக்கு வெளியே அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தால் இன்றே எடுங்கள்.

பிரிட்டனில் உள்ள வாடிக்கையாளர் 50 லட்சம் பவுண்டுக்கு 'எம்ப்ளாயர்ஸ் லயபிலிட்டி' சான்றிதழ் கேட்கிறார்.
– மதுரை வாசகர்

1969-ஆம் ஆண்டின் சட்டப்படி அங்கே ஆள் வைத்திருப்பவருக்குக் குறைந்தது 50 லட்சம் பவுண்டு காப்பீடு கட்டாயம். இல்லாவிட்டால் நாளொன்றுக்கு 2,500 பவுண்டு வரை அபராதம். உங்களுக்கு அங்கே ஊழியர் யாரும் இல்லையென்றால் அந்தச் சட்டம் உங்களைக் கட்டுப்படுத்தாது. அதை எழுதி, இங்குள்ள இழப்பீட்டு பாலிசி நகலையும் இ.எஸ்.ஐ. பதிவுச் சான்றையும் சேர்த்து அனுப்புங்கள்.

குழு விபத்துக் காப்பீடு இருக்கிறது. அது போதுமா?
– விருதுநகர் வாசகர்

போதாது. அது தொழிலாளிக்கு நீங்கள் தரும் பரிசு மாதிரி. அதில் வந்த பணத்தைச் சட்ட இழப்பீட்டில் கழிக்க முடியாது.

வேலைக்கு வரும் வழியில் பைக் விபத்து?
– திருப்பரங்குன்றம் வாசகர்

வீட்டிலிருந்து வேலைக்கு வரும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்து, நேரம், இடம், சூழ்நிலையால் வேலையோடு தொடர்புடையது என்று நிறுவப்பட்டால், புதிய தொகுப்பில் வேலை விபத்தாகவே கருதப்படும். இரவு ஷிப்ட் முடிந்து போகிறவர்களின் வெளியேறும் நேரத்தைப் பதிவேட்டில் சரியாக எழுதுங்கள். பாலிசியில் 'வேலையிடத்துக்குள்' என்று மட்டும் இருந்தால், பயண விபத்தையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள்.