புயல் பயிற்சிக்கு மறுநாள் ஆள் வராதது பற்றி

தலைஞாயிறு பக்கம் 20 பேருக்குப் புயல் பயிற்சி வைத்தீர்கள், மறுநாள் 6 பேர்தான் வந்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். மனம் தளராதீர்கள். நடவு நேரத்தில் பகல் வகுப்புக்கு யார் வருவார்கள்? சாயங்காலம் கோயில் திடலில் வையுங்கள். முதலில் மகளிர் குழு அக்காக்களைப் பிடியுங்கள். எந்த வீட்டில் யார் படுத்த படுக்கை என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தபோது எங்கள் தெருவைத் தென்னைகள் அடைத்துக்கொண்டன. அரிவாளால் வெட்டி வழி உண்டாக்கித்தான் பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வந்தோம். அதனால் சொல்கிறேன், படம் காட்டுவதைக் குறைத்து மரம் அறுக்கவும் முடிச்சுப் போடவும் பழக்குங்கள். அப்புறம், மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண் எல்லோருக்கும் மனப்பாடமாக வேண்டும். ஆனால் செல்போன் டவர் சாய்ந்தால் அதுவும் உதவாது. அதனால் புயல் பாதுகாப்பு மையத்துக்கு இருட்டில் ஒருமுறை எல்லோரையும் நடத்திக் கூட்டிப்போங்கள்.